ஆள்வோரின் ஆட்டம், தமிழரின் பெயர்: கொழும்புத் தமிழ் யூனியன் கழகம்

1884-இல் அயர்லாந்தின் தர்லஸ் நகரில் தோன்றிய கேலிக் விளையாட்டுச் சங்கம், கிரிக்கெட் முதலிய அயல் ஆட்டங்களில் ஈடுபடுவோரைப் பல பத்தாண்டுகள் விலக்கியே வைத்தது. அத்தடை நீங்கியது 1971-இல்தான். புலம்பெயர்ந்த ஐரிஷ் மக்கள் நியூயார்க்கிலும் இலண்டனிலும் ஊர் ஆட்டத்தையே அடையாளமாகப் பற்றிக்கொண்டனர். கொழும்புக்குக் குடிபெயர்ந்த தமிழர் சென்ற வழி இதற்கு நேர் எதிரானது. கிளித்தட்டும் சடுகுடுவும் யாழ்ப்பாணத்து ஊர்களிலேயே தங்கிவிட்டன. 1899-இல் எழுந்த தமிழ் யூனியன் கழகம் ஆள்வோரின் ஆட்டத்தை எடுத்துக்கொண்டு, அதற்குத் தன் இனத்தின் பெயரைச் சூட்டியது.

இப்பெயரிடல் தனித்த நிகழ்வன்று. மலாய், பறங்கியர், சிங்களர், சோனகர் என ஒவ்வொரு சமூகமும் அக்காலக் கொழும்பில் தனக்கெனக் கழகம் கண்டது. குடிமதிப்பு அட்டவணையின் இனப்பகுப்பு விளையாட்டுத் திடலுக்கும் இறங்கிவந்தது எனலாம்.

காம்பெல் பூங்காவில் ஆடிவந்த கழகம், பா. சரவணமுத்துவின் பெருமுயற்சியால் 1940-இல் கொழும்பு ஓவல் திடலைப் பெற்றது. 1948-இல் இங்கிலாந்து செல்லும் வழியில் பிராட்மனின் அணி இங்கு ஆடியபோது, ஆடுகளம் 22 கஜத்துக்குப் பதில் 20 கஜமே இருந்ததாக அறியப்பட்டது. இன்றும் சிரிப்பை வரவழைக்கும் செய்தி. கழகத்தின் பெருமைக்குரிய மட்டையாளர் மகாதேவன் சதாசிவம். 1947-இல் சேப்பாக்கத்தில் அவர் குவித்த 215 ஓட்டங்களைச் சென்னை இரசிகர் நெடுங்காலம் பேசினர்.

பின்னர் இத்திடல் சரவணமுத்துவின் பெயரையே பெற்றது. 1982 பிப்ரவரியில் இலங்கை தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை இங்கிலாந்துக்கு எதிராக ஆடியது இங்குதான். ஒரு நாடு உலக அரங்கில் நுழைந்த வாயில், தமிழர் கழகத்தின் திடல். பதினேழு மாதங்கள் கழித்து, 1983 ஜூலை இனக்கலவரத்தில் அக்கழகத்தின் கட்டடம் தீக்கிரையானது. 1985 செப்டம்பரில் இந்தியாவை 149 ஓட்டங்களில் வென்று இலங்கை தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் இதே மண்ணில். இம்மூன்று தேதிகளையும் அடுத்தடுத்து எழுதிப் பார்க்கும் விளையாட்டு வரலாறுகள் அரிது. நடுத் தேதி பெரும்பாலும் விடுபட்டுவிடும்.

கண்டியிலிருந்து முத்தையா முரளிதரன் இக்கழகத்துக்கு வந்தபோது, அதன் பெயரிலுள்ள 'தமிழ்' என்னும் சொல்லின் பொருளும் சற்றே விரிந்தது. யாழ்ப்பாணத்துப் படித்த வகுப்பார் தொடங்கிய கழகத்துக்கு, தமிழகத்திலிருந்து தோட்டத் தொழிலுக்குச் சென்றவரின் பேரன் ஆடினார்.