வாவியின் இரு கரைகளும் லறிங்கோஸ்கோப்பும்: மட்டக்களப்பை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

1848இல் மட்டக்களப்புக்கு வந்த குடியேற்றநாட்டுச் செயலாளர் எமர்சன் ரெனன்ற், நிலவு கிளம்பிய பின் வாவியில் வள்ளமேறிப் போய், நீருக்கடியிலிருந்து எழும் இசையைக் கேட்டதாக எழுதிவைத்தார். ஆறு ஆண்டுகள் கழித்து, பாரிஸில் மனுவெல் கார்சியா என்ற ஸ்பானியப் பாட்டு ஆசிரியர், மனிதக் குரல் எங்கே பிறக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட விரும்பினார். பல் வைத்தியரின் நீண்ட காம்புக் கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் வைத்து, கைக்கண்ணாடியால் வெயிலை அதன்மேல் திருப்பி, தன் குரல்நாண்கள் அசைவதைக் கண்டார். 1855இல் இலண்டன் ரோயல் சொசைற்றியில் அந்த அவதானம் வாசிக்கப்பட்டது. இரண்டு சம்பவங்களுக்கும் தொடர்பு எதுவுமில்லை. மீன்பாடும் தேன்நாடான மட்டக்களப்பைப் பற்றி எழுதும்போது சொல்லாமல் விட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

குரல்வளையைப் பார்க்கும் கருவியான லறிங்கோஸ்கோப்பின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர்களின் பெயர்வரிசையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எந்த நோயாளிக்காக, எந்த அவசரத்தில் அது கையில் எடுக்கப்பட்டது என்று கேட்டால் கதை வேறாகிறது. அப்படிக் கேட்பதற்கு மட்டக்களப்பு வாவிப் பிரதேசம் பொருத்தமான களம்.

கார்சியாவின் கண்ணாடியை ரூர்க், செர்மக் என்ற இருவரும் 1850களின் இறுதியில் வைத்தியத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதில் தெரிந்தது பிம்பம் மட்டுமே. நோயாளி விழித்திருந்து, உட்கார்ந்து, ஒத்துழைக்க வேண்டும். 1895இல் பேர்லினில் அல்பிரட் கேர்ஸ்ரைன் குரல்வளையை நேராகவே பார்க்கும் முறையைக் காட்டினார். முதலாம் உலகப் போரில் முகம் சிதைந்த படையினரை மயக்கிச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டியிருந்தபோது, இங்கிலாந்தின் சிட்கப்பில் மகில், ரோபோதம் இருவரும் மூச்சுக்குழலுக்குள் ரியூப் விடுவதை அன்றாட வேலையாக்கினார்கள்.

ரியூப்புக்கு வழி பார்க்க உதவிய அன்றைய லறிங்கோஸ்கோப்பின் நேரான அலகு குரல்வளை மூடியையே நெம்பித் தூக்கியது. மூடியின் அடிப்பக்கம் தொட்டாற் சுருங்கும் இடம். ஆழ்ந்த மயக்கம் இல்லாவிட்டால் நோயாளி திமிறுவார். ஒக்ஸ்போட்டில் ரொபேட் மக்கின்ரொஷ், ரொன்சில் சத்திரசிகிச்சைக்காக வாயைத் திறந்துவைக்கும் கருவியைப் பொருத்தியபோது, தற்செயலாகக் குரல்நாண்கள் பளிச்செனத் தெரிவதைக் கண்டார். வளைந்த அலகின் நுனியை நாவின் அடிக்கும் மூடிக்கும் இடையிலுள்ள குழிவில் வைத்து உயர்த்தினால் மூடி தானே எழும் என்பது அவருக்குப் புரிந்தது. தொழில்நுட்பவியலாளர் றிச்சட் சோல்ற் அந்த அலகைச் செய்து கொடுத்தார். 1943இல் வெளியான அந்த வடிவம் இன்றும் பெரிதாக மாறவில்லை. இடது கையில் பிடி, வாயின் வலப்புறமாக அலகை இறக்கி நாக்கை இடப்புறம் ஒதுக்கு, முன்னோக்கி மேலே தூக்கு, பல்லில் முட்டுக்கொடுக்காதே. மயக்க மருந்து நிபுணர்கள் இளையோருக்குச் சொல்லும் பாடம் இவ்வளவுதான். கைக்கு வருவதற்குத்தான் காலம் எடுக்கும்.

இனி வாவிக்கு வருவோம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் இந்த நீர்ப்பரப்பு, கடலோர எழுவான்கரையையும் வயல்சார்ந்த படுவான்கரையையும் பிரிக்கிறது. போதனா வைத்தியசாலை எழுவான்கரைப் பக்கம். வயலும் கிருமிநாசினிப் போத்தலும் படுவான்கரைப் பக்கம். ஒரு விவசாயப் பிரதேசத்தில் லறிங்கோஸ்கோப் எடுக்கப்படும் காரணங்களில் இரண்டு வயலிலிருந்தே வருகின்றன: கிருமிநாசினி அருந்துதல், கட்டுவிரியன் கடி. வெறுந்தரையில் படுத்துறங்குபவரை இரவில் கடிக்கும் கட்டுவிரியனின் நஞ்சு சுவாசத் தசைகளை முடக்கிவிட்டால், விஷமுறி மருந்து அதை எளிதில் மீட்பதில்லை. குழாயும் வென்ரிலேற்றரும்தான் நாட்களைக் கடத்தித் தருகின்றன.

ஒர்கனோபொஸ்பேற்று நஞ்சு இன்னும் சிக்கலானது. எச்சிலும் சளியும் தொண்டையை நிரப்பி நிற்க, உறிஞ்சுகுழாய் பக்கத்தில் இல்லாமல் அலகை வாயில் வைத்துப் பயனில்லை. தசை தளர்த்தக் கொடுக்கும் சக்சமெதோனியம், வழக்கமாகச் சில நிமிடங்களில் விலகுவது, இந்த நஞ்சை அருந்தியவர்களுக்கு நெடுநேரம் நிற்கும். அதை உடைக்கும் நொதியத்தையே நஞ்சு முடக்கியிருக்கிறது. இதில் உலக வைத்தியத்துக்கு இலங்கை கொடுத்த பங்கு பெரிது. 1987இல் நிமால் சேனாநாயக்க, லக்ஷ்மன் கரலியத்த இருவரும் பத்து நோயாளிகளை வைத்து ஒன்றை விவரித்தார்கள்: முதற்கட்ட ஆபத்து தணிந்து, நோயாளி தேறிவிட்டதாகத் தோன்றும்போது, 24 முதல் 96 மணித்தியாலங்களுக்குள் கழுத்தும் சுவாசத் தசைகளும் மெல்லத் தளர்கின்றன. "தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்கள்" என்று விடுதியில் வைத்தியர் கேட்பது இதனால்தான். தூக்க முடியாதவருக்கு அடுத்த கட்டம் ரியூப்.

1995இல் இலங்கையின் தற்கொலை விகிதம் இலட்சத்துக்கு 47 என்ற உச்சத்தில் இருந்தது. அதே ஆண்டில் மிகக் கொடிய கிருமிநாசினிகளில் எஞ்சியவையும், 1998இல் எண்டோசல்பானும் தடைசெய்யப்பட்டன. 2005இல் அந்த விகிதம் பாதியாகியிருந்தது. 2008க்குப் பின் டைமெதோவேற்று, பென்தியன், பரகுவற்று ஆகியவையும் படிப்படியாக விலக்கப்பட்டன. சுவாசப் பராமரிப்பின் வரலாற்றில் இந்தத் தடைப் பட்டியல்களை மக்கின்ரொஷின் அலகுக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும் என்பது என் துணிபு. கமெரா பொருத்திய வீடியோ லறிங்கோஸ்கோப் 2001இல் வந்தது. கொவிட் காலத்தில் அதன் தேவை கூடியது. கடினமான தொண்டையில் அது பெரும் உதவிதான். ஆயினும் குழாய் தேவைப்படும் நோயாளிகளின் தொகையையே குறைத்தது வர்த்தமானியில் வந்த தடை.

வாவிப் பிரதேசத்தில் கணக்கில் எடுக்க வேண்டிய மற்றது தூரம். 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி அரச கட்டுப்பாட்டில் இருக்கவில்லை. வவுணதீவுச் சோதனைச்சாவடியைக் கடந்தே நோயாளி வர வேண்டியிருந்தது. தெற்கே, மண்முனையில் வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிச் சென்ற 'பாதை'யை 2014இல் திறந்த பாலம் ஓய்வுக்கு அனுப்பியது. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய, 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவையும் பின்னர் கிழக்குக்கு வந்தது.

பாலமும் அம்பியூலன்ஸும் வந்தபின், ரியூப் போடுவதா என்று முடிவெடுக்கும் இடம் கிராமப்புற வைத்தியசாலைக்கு நகர்ந்திருக்கிறது. ரியூப் போட்ட நோயாளியோடு மூச்சூட்டும் பையை அமுக்கிக்கொண்டே வர ஒருவர் வேண்டும். போடாமல் அனுப்பினால், குலுங்கும் வண்டிக்குள், தொண்டையில் சளி நிறைந்த நிலையில் அலகை இறக்க நேரலாம். தலையைத் தூக்க முடியாத நோயாளி வண்டியில் ஏறுமுன்பே குழாய் உள்ளே இருக்க வேண்டும். அலகின் மின்குமிழ் எரிகிறதா, பற்றரி இருக்கிறதா, உறிஞ்சுகருவி இழுக்கிறதா என்று அந்தச் சிறிய வைத்தியசாலையில் காலையிலேயே பார்த்து வைத்திருக்கவும் வேண்டும்.