தனி ஒருவரின் கடை: சிங்கப்பூர் நாராயண பிள்ளை



தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குப் போன நம் பிள்ளைகளில் சிலர் சொந்தமாக ஒரு கடை திறக்க எண்ணுகிறார்கள். கூட்டாளி கிடையாது. முதல் போடுபவரும் அவரே, கல்லாவில் உட்காருபவரும் அவரே. இதைத் தனியுரிமை வணிகம் என்கிறோம். ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்னர் இப்படித் தொழில் நடத்திய தமிழர் ஒருவரைப் பற்றி இன்று பேசுவோம்.

நாராயண பிள்ளை பினாங்கில் அரசாங்க வேலையில் இருந்தவர். 1819ஆம் ஆண்டு மே மாதம் ராபிள்ஸ் இரண்டாம் முறை சிங்கப்பூருக்கு வந்தபோது அவருடன் வந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த முதல் வேலை, அரசாங்கக் கருவூலத்தில் காசுகளைச் சோதிப்பது. நல்ல காசு எது, கள்ளக் காசு எது என்று பிரித்தெடுக்க வேண்டும். வியாபாரத்தில் இறங்கப் போகிறவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் ஏது? மலாக்காவிலிருந்து வேறு கிராணி வந்து சேர்ந்ததும் அந்த வேலை அவர் கையை விட்டுப் போயிற்று.

அவர் பினாங்குக்குத் திரும்பிவிடவில்லை. புதிய ஊர், வீடு கட்டுவோருக்குச் செங்கல் வேண்டும், கொத்தர் வேண்டும், தச்சர் வேண்டும். தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்டார். பினாங்கில் தெரிந்தவர்களுக்குச் சொல்லியனுப்பித் தொழிலாளர்களையும் துணி வியாபாரிகளையும் வரவழைத்தார். சிங்கப்பூரின் முதல் இந்தியக் கட்டட ஒப்பந்தக்காரர் என்று அவரைச் சொல்வார்கள். பிறகு கிராஸ் ஸ்திரீட்டில் பருத்தித் துணிக் கடையும் திறந்தார். கடை பெருத்தது. ஆனால் சரக்கில் பெரும்பகுதி ஐரோப்பிய வியாபாரிகளிடம் கடனாக வாங்கியது. சம்பள நாளை நம்பி மளிகைக்கடையில் பற்று எழுதிய குடும்பங்களுக்கு இந்த நிலை நன்றாக விளங்கும். இங்கே கடைக்காரரே பற்றாளியாக இருந்தார்.

1822ஆம் ஆண்டில் கடைத்தெருவில் தீப்பிடித்தது. கடை எரிந்தது, சரக்கு சாம்பலாயிற்று. கடன் மட்டும் எரியவில்லை.

இங்கே இன்றைய நிலையையும் பார்த்துக்கொள்வோம். தீபகற்ப மலேசியாவில் 1956ஆம் ஆண்டின் வணிகப் பதிவுச் சட்டப்படி, தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் அதைப் பதிய வேண்டும். 2002 முதல் இந்தப் பதிவை மலேசிய நிறுவன ஆணையம் கவனிக்கிறது. அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரிலேயே நடத்தினால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு கடைப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. பதிவது எளிது. ஆனால் பதிந்ததனால் கடை வேறு, கடைக்காரர் வேறு என்று ஆகிவிடாது. கடை பட்ட கடனுக்கு உரிமையாளரின் சொந்தச் சேமிப்பும், அவர் பெயரில் உள்ள வீடும் வண்டியும் பொறுப்பாகும். பங்கு போட்டு நடத்தும் சென்டிரியான் பெர்ஹாட் நிறுவனத்தில் பங்குதாரரின் பொறுப்பு பெரும்பாலும் போட்ட முதலோடு நின்றுவிடும். தனி உரிமையாளருக்கு அந்த வேலி இல்லை.

வேலி இல்லாத நாராயண பிள்ளை என்ன செய்தார்? தலைமறைவாகவில்லை. கடன் கொடுத்தவர்களிடமே போய்த் தவணை கேட்டார், அவர்களும் இசைந்தார்கள். கைக்கு வந்த சூளையும், நாணயமான ஆள் என்ற பெயரும்தான் அப்போது அவரிடம் எஞ்சியிருந்த முதல் என்று நமக்குத் தோன்றுகிறது. ராபிள்ஸிடமும் முறையிட்டார். இன்று ராபிள்ஸ் பிளேஸ் எனப்படும் வணிகச் சதுக்கத்தில் கிடங்கு கட்ட இடம் கிடைத்தது. அங்கே மீண்டும் வியாபாரத்தைத் தொடங்கி நிமிர்ந்தார்.

கோயிலுக்கென்று சவுத் பிரிட்ஜ் சாலையில் நிலம் பெறப்பட்டது 1823இல், அதாவது தீ விபத்துக்கு மறு ஆண்டில். அதை முன்னின்று நடத்தியவரும் அவரே. மரத்தாலும் அத்தாப்பாலும் எழுந்த அந்த மாரியம்மன் கோயில் 1827இல் கட்டி முடிந்தது.