437ஆம் படையணி: கனடாவின் பறக்கும் எரிபொருள் நிலையம்

கனடிய விமானப்படையின் 437ஆம் போக்குவரத்துப் படையணி, ஒன்ராறியோ மாகாணத்தின் ட்ரென்ரன் விமானப்படைத் தளத்தைத் தாயகமாகக் கொண்டது. நெடுந்தூரப் போக்குவரத்து, அரசுத் தலைவர்களை ஏற்றிச் செல்லுதல், பறந்துகொண்டிருக்கும் போர்விமானங்களுக்கு வானிலேயே எரிபொருள் கொடுத்தல் ஆகியவை இதன் வேலைகள். முத்திரையில் ஹஸ்கி நாயின் தலை இருப்பதால் ‘ஹஸ்கி படையணி’ என்றே அழைக்கப்படுகிறது. அதன் லத்தீன் குறிக்கோளுக்கு ‘எதையும், எங்கும்’ என்று பொருள்.

ஸ்ரௌவ்வில், மார்க்கம், ஸ்காபரோப் பக்கத்திலிருந்து 401ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் ட்ரென்ரன் வந்துவிடும். ஆப்கானிஸ்தானில் இறந்த கனடிய வீரர்களின் உடல்கள் இந்தத் தளத்தில்தான் வந்திறங்கின. அங்கிருந்து ரொறன்ரோவுக்கு அவை கொண்டுவரப்பட்ட பாதைக்கு 2007இல் ‘வீரர்களின் நெடுஞ்சாலை’ என்று பெயர் சூட்டப்பட்டது. அந்தப் பெயர்ப் பலகை தெரிந்த அளவுக்கு அந்தத் தளத்தில் நிற்கும், எரிபொருள் கொடுக்கும் டேங்கர் விமானங்களை ரொறன்ரோத் தமிழருக்குத் தெரியாது.

போர்க்காலப் பிறப்பு

இரண்டாம் உலகப் போரின்போது கனடா கடல்கடந்து மூன்று போக்குவரத்துப் படையணிகளை அமைத்தது. 435, 436 ஆகிய இரண்டும் 1944இன் பிற்பகுதியில் பிரித்தானிய இந்தியாவின் குஜ்ராத் நகரில் உருவாயின. இது காந்தி பிறந்த குஜராத் அல்ல. இன்று பாகிஸ்தானிலுள்ள பஞ்சாப் ஊர். அங்கிருந்து கிழக்கே நகர்ந்து, பர்மாவில் ஜப்பானியரோடு பொருதிய பதினான்காம் படைக்கு டகோட்டா விமானங்களில் அரிசியும் தோட்டாக்களும் எரிபொருள் பீப்பாய்களும் சுமந்தன. 435ஆம் படையணி இம்பாலில் தளம் அமைத்திருந்தது. 1942இல் ரங்கூனிலிருந்து கால்நடையாகத் தப்பிய தமிழர்களில் பலர் வந்து சேர்ந்த ஊர் அது. பர்மிய பகோடாக்களின் வாசலைக் காக்கும் ‘சிந்தே’ சிங்கம்தான் இன்றும் 435இன் சின்னம்.

437 மட்டும் இங்கிலாந்தில் பிறந்தது. 1944 செப்டம்பர் 14 அன்று வில்ட்ஷயரின் பிளேக்ஹில் ஃபார்ம் தளத்தில் அமைக்கப்பட்டு, மூன்றே நாளில் போருக்குப் போனது. செப்டம்பர் 17 அன்று நெதர்லாந்தின் ஆர்னெம் நோக்கி வீரர்கள் நிறைந்த கிளைடர்களை அதன் டகோட்டாக்கள் இழுத்துச் சென்றன. அந்த நாள் பெரிய சேதமின்றிக் கழிந்தது. ஆனால் சுற்றி வளைக்கப்பட்டுவிட்ட படைகளுக்குப் பொருள் போடச் சென்ற 21ஆம் தேதி கடும் இழப்பு நேர்ந்தது. தாழ்வாக, மெதுவாக, நேர்கோட்டில் பறந்தால்தான் பொருளைக் குறி பார்த்துப் போட முடியும். தரையிலிருந்து சுடுபவனுக்கும் அதுவே வசதி. 1945 மார்ச்சில் ரைன் நதியைக் கடந்த தாக்குதலிலும் 437 கிளைடர்களை இழுத்தது. போர் முடிந்தபின் ஐரோப்பாவில் ஆளும் அஞ்சலும் ஏற்றிக்கொண்டிருந்துவிட்டு 1946 ஜூனில் கலைக்கப்பட்டது.

ட்ரென்ரனில் மறுபிறப்பு

1961 அக்டோபர் 1 அன்று ட்ரென்ரனில் படையணி மீண்டும் அமைந்தது. இம்முறை கையில் கொடுக்கப்பட்டது மொன்றியலின் கனடேர் நிறுவனம் கட்டிய யூகோன் விமானம். ஐரோப்பாவில் நிலைகொண்டிருந்த கனடியப் படைகளுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் அட்லாண்டிக்கைக் கடக்கும் பாலமாகப் பத்தாண்டுகள் அது ஓடியது. நல்ல விமானம்தான், ஆனால் ஜெட் யுகத்தில் உந்துவிசிறியோடு பறந்தது.

அடுத்து வந்த போயிங் 707 விமானங்களிலிருந்து இந்தப் படையணியின் வரலாற்றில் ஒரு வழக்கம் தொடங்குகிறது: பிறர் வேண்டாம் என்று விட்ட பயணிகள் விமானத்தை வாங்கி, படைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வது. அமெரிக்காவின் வெஸ்டர்ன் ஏர்லைன்ஸ் கேட்டுவிட்டுப் பின்வாங்கிய ஐந்து 707களைக் கனடா 1970இல் வாங்கியது. படையில் அவற்றின் பெயர் சிசி-137. அவற்றில் இரண்டின் இறக்கைகளுக்கு அடியில் எரிபொருள் குழாய்ச் சுருள்கள் பொருத்தப்பட்டன. 437 எரிபொருள் கொடுக்கும் படையணியானது அப்போதுதான்.

இதற்கு ஒரு கட்டாயம் இருந்தது. பனிப்போரில் நேட்டோவின் வடக்கு ஓரமான நார்வேக்கு உதவி அனுப்புவதாகக் கனடா உறுதி கொடுத்திருந்தது. அனுப்ப வேண்டிய விமானம் சிஎஃப்-5: இலேசானது, வேகமானது, ஆனால் வயிறு சிறியது. அட்லாண்டிக்கைத் தானாகக் கடக்க அதனால் முடியாது. நடுக்கடலுக்கு மேல் யாராவது எரிபொருள் ஊற்ற வேண்டும். அந்த வேலை 707க்கு வந்தது.

எப்படிக் கொடுக்கிறார்கள்

பறக்கும் விமானத்துக்கு எரிபொருள் கொடுப்பது புதிய யோசனை அல்ல. 1923 ஜூனிலேயே அமெரிக்கத் தரைப்படை விமானிகள் சான் டியாகோ அருகே ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்குக் குழாயைத் தொங்கவிட்டுக் காட்டிவிட்டார்கள். கீழே இருப்பவர் கையால் எட்டிப் பிடித்துச் செருகினார். இன்று இரண்டு முறைகள் நிலைத்திருக்கின்றன.

ஒன்று குழாய்–கூடை முறை. 1940களின் இறுதியில் பிரித்தானியாவில் உருவானது. டேங்கரின் இறக்கையிலிருந்து நீண்ட ரப்பர்க் குழாய் பின்னால் அவிழ்ந்து தொங்கும். அதன் முனையில் இறகுப்பந்து வடிவில் ஒரு கூடை, காற்றை ஏந்தி ஆடிக்கொண்டிருக்கும். போர்விமானத்தின் மூக்கருகே நீட்டும் குழலை விமானி அந்தக் கூடைக்குள் செருக வேண்டும். கனடாவின் சிஎஃப்-18 போர்விமானத்தில் இந்தக் குழல் வலப்பக்கம் மடங்கிக் கிடந்து, தேவைப்படும்போது வெளியே வரும். இரண்டு விமானங்களும் மணிக்குப் பல நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும். ஆனால் ஒன்றை ஒன்று நெருங்கும் வேகம் மனிதன் நடக்கும் அளவுதான். மெதுவாகப் போனால் குழல் பூட்டிக்கொள்ளாது. வேகமாக மோதினால் குழாய் சவுக்குப் போல் சுழன்று கூடையையோ குழலையோ உடைத்துவிடும். கடைசி நொடியில் போர்விமானத்தின் மூக்கு தள்ளும் காற்றே கூடையை ஒதுக்கிவிடும். அதனால் கூடையையே வெறித்துப் பார்த்துத் துரத்தாதே, டேங்கரைப் பார்த்துப் பற என்றுதான் பயிற்சியில் சொல்லித்தருவார்கள். இருட்டிலும் மேகத்திலும் விதி இதுவேதான்.

மற்றது வன்குழாய் முறை. அமெரிக்காவில் போயிங் உருவாக்கியது. டேங்கரின் வாலடியிலுள்ள விறைப்பான நீள்குழாயை அதற்கென உள்ள இயக்குநர் ஒருவர் நகர்த்தி, கீழே பறக்கும் விமானத்தின் முதுகிலுள்ள துளையில் பொருத்துவார். எரிபொருள் வேகமாக இறங்கும். பெறும் விமானி நிலையாகப் பறந்தாலே போதும்.

ஒரு முறைக்கென அமைந்த விமானம் மற்ற முறையில் குடிக்க முடியாது. கனடாவின் சங்கடம் இதில்தான். சிஎஃப்-18க்குக் கூடை வேண்டும். 2007இல் வாங்கத் தொடங்கிய பெரும் சரக்கு விமானமான சி-17க்கோ வன்குழாய் வேண்டும். ட்ரென்ரன் தளத்தில் நிற்கும் 437இன் கூடை டேங்கரால், அதே தளத்தில் நிற்கும் சி-17க்கு எரிபொருள் தர முடியவில்லை.

கையில் டேங்கர் இல்லாத ஆண்டுகள்

1991 வளைகுடாப் போரில், கத்தாரின் தோஹாவிலிருந்து பறந்த கனடியச் சிஎஃப்-18களுக்கு 437இன் 707 எரிபொருள் கொடுத்தது. ஆனால் அந்த விமானங்களுக்கு வயதாகிவிட்டது. 1997இல் அவை ஓய்வு பெற்றன. சிலவற்றை அமெரிக்கா வாங்கிப் போய், தரையை வேவு பார்க்கும் ரேடார் விமானங்களாக மாற்றிக்கொண்டது.

அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேல் கனடாவிடம் கடல் கடக்கும் டேங்கர் கிடையாது. வின்னிபெக்கில் இருந்த 435ஆம் படையணியின் ஐந்து ஹெர்குலிஸ் டேங்கர்கள் மட்டுமே மிச்சம். நான்கு உந்துவிசிறி கொண்ட அவை உள்நாட்டு வானத்துக்குப் போதும், அட்லாண்டிக்குக்குப் போதாது. 1999இல் கொசோவோ போர் வந்தபோது கனடா பதினெட்டு சிஎஃப்-18களை இத்தாலியின் அவியானோவில் நிறுத்தி 678 போர்ப் பறப்புகளை நடத்தியது. எரிபொருளுக்கு நேச நாடுகளின் டேங்கர்களைத்தான் நம்ப வேண்டியிருந்தது. போர்விமானத்தை வாங்கிவிட்டு டேங்கரை மறந்ததற்கு அந்த ஆண்டைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

கனடாவின் நிலப்பரப்பே டேங்கரைக் கேட்கிறது. சிஎஃப்-18கள் அல்பேர்ட்டாவின் கோல்ட் லேக்கிலும் கியூபெக்கின் பகோட்வில்லிலும் நிற்கின்றன. ரஷ்யக் குண்டுவீச்சு விமானங்கள் ஆர்க்டிக் பக்கமிருந்து வரும். இனுவிக், யெல்லோநைஃப், இக்காலுவிட், ரான்கின் இன்லெட் ஆகிய வடதிசை முன்தளங்களில், அவற்றை எதிர்கொள்ளப் போகும் சிஎஃப்-18கள் இறங்கலாம். ஆனால் பனியிலும் தூரத்திலும் ஒவ்வொரு முறையும் அது நடக்காது. சிஎஃப்-18இன் சொந்தத் தொட்டியில் ஐந்து டன்னுக்குச் சற்றுக் குறைவான எரிபொருள்தான் பிடிக்கும்.

போலாரிஸ்

1992–93இல் கனடா ஐந்து ஏர்பஸ் ஏ310 விமானங்களை எடுத்துக்கொண்டது. வார்டெயர் நிறுவனம் உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்ல வாங்கியவை அவை. அந்த நிறுவனம் கனேடியன் ஏர்லைன்ஸோடு இணைந்தபின் இவையும் கைமாறின. படையில் சிசி-150 போலாரிஸ் என்று பெயர் பெற்றன. முதல் பதினைந்து ஆண்டுகள் ஆள், சரக்கு, பிரதமர் எனச் சுமந்தன. பின் இரண்டு மட்டும் ஜெர்மனியில் டேங்கராக மாற்றப்பட்டு 2008 அளவில் வேலைக்கு வந்தன. சரக்கறையில் கூடுதல் தொட்டிகள், இறக்கைகளுக்கு அடியில் இரண்டு குழாய்ச் சுருள்கள். 4,630 கிலோமீட்டர் பறக்கும்போது சுமார் 36,000 கிலோ எரிபொருளைப் பிறருக்குத் தரலாம். நான்கு சிஎஃப்-18களை இடையில் எங்கும் இறங்காமல் அட்லாண்டிக்குக்கு அப்பால் கொண்டுசேர்க்க அது போதும்.

2011இல் லிபியப் போரின்போது இத்தாலியின் த்ராபானியிலும், 2014 முதல் ஐஎஸ் அமைப்புக்கு எதிரான போரில் குவைத்திலும் போலாரிஸ் டேங்கர் நின்றது. குவைத்தில் கனடியப் போர்விமானங்கள் 2016இல் திரும்பிய பிறகும் அது நின்று, நேச நாட்டு விமானங்களுக்கு எரிபொருள் கொடுத்தது. 1999இல் வாங்கிய கடனை அங்கே வட்டியோடு அடைத்தது என்றுகூடச் சொல்லலாம்.

ரொறன்ரோ மக்களுக்கு இந்த விமானம் நினைவிருப்பது வேறொரு காரணத்துக்காக. 2015 டிசம்பர் 10 இரவு 163 சிரிய அகதிகளோடு பியர்சன் விமான நிலையத்தில் ஒரு போலாரிஸ் இறங்கியது. புதிதாகப் பதவியேற்றிருந்த பிரதமர் ஜஸ்ரின் ட்ரூடோ குளிர்கால அங்கிகளோடு வரவேற்றார். அந்த வேலையும் 437உடையது. 1980களில் இதே விமான நிலையத்தில் தஞ்சம் கேட்டு வந்திறங்கிய தமிழர்கள் பலர் அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் வேறு கண்ணோடு பார்த்திருப்பார்கள்.

அபத்தமும் நடந்திருக்கிறது. 2019 அக்டோபரில் பிரதமர் பறக்கும் போலாரிஸை ட்ரென்ரனில் கொட்டகைக்குள் இழுத்துச் சென்றபோது பிடி நழுவி மூக்கு சுவரில் மோதியது. அது மீண்டும் பறக்க ஓராண்டுக்கு மேல் ஆனது. ஐந்தே ஐந்து விமானங்களை வைத்துக்கொண்டு பிரமுகர் பயணம், சரக்கு, எரிபொருள் மூன்றையும் செய்துவந்த படையணியில் ஒன்று முடங்கியதும் எல்லாமே இடித்தது.

இந்தியாவில்

இந்திய விமானப்படையில் இதே வேலையைச் செய்வது ஆக்ராவின் 78ஆம் படையணி. 2003 முதல் ஆறு இல்யூஷின் இல்-78 டேங்கர்களோடு இயங்கி வருகிறது. 2020 ஜனவரியில் தஞ்சாவூர்த் தளத்தில் சுகோய்-30 படையணி அமைந்தபோது, அங்கிருந்து இந்தியப் பெருங்கடலின் தொலைவுகளை எட்டும் திறனைப் பற்றி நிறையப் பேசப்பட்டது; அந்தத் தொலைவு பெரிதும் டேங்கரைப் பொறுத்தது. அதே ஆண்டு ஜூலையில் அம்பாலாவில் இறங்கிய முதல் ஐந்து ரஃபேல்களுக்கு வழியில் எரிபொருள் கொடுத்தவை பிரெஞ்சு டேங்கர்கள். ஏர்பஸ் ஏ330 டேங்கரை இந்தியா இருமுறை தேர்ந்தெடுத்து இருமுறையும் கைவிட்டது. ஆறு டேங்கர்கள் அவ்வளவு பெரிய விமானப்படைக்குப் போதாது என்பதில் அங்கே யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

மீண்டும் ஹஸ்கி

போலாரிஸுக்குப் பதிலாகக் கனடா தேர்ந்தெடுத்ததும் அதே ஏ330 தான். 2023 ஜூலையில் ஏர்பஸ்ஸோடு சுமார் 360 கோடி கனடிய டாலருக்கு ஒப்பந்தமானது: புதிதாகக் கட்டப்படும் நான்கு, பழைய ஐந்தை டேங்கராக மாற்றுவது, ஆக ஒன்பது. பழைய ஐந்தும் குவைத் ஏர்வேஸில் பயணிகளை ஏற்றியவை. 1970இல் தொடங்கிய வழக்கம் இன்னும் விடவில்லை. முதல் விமானம் 2023 ஆகஸ்டில் ஒட்டாவாவில் இறங்கியது. படையில் இதற்கு சிசி-330 ஹஸ்கி என்று பெயர். 707க்கும் அதே பெயர்தான் இருந்தது.

ஏ310இல் எரிபொருளுக்காகச் சரக்கறையில் கூடுதல் தொட்டி வைக்க வேண்டியிருந்தது. ஏ330க்கு அது தேவையில்லை. அதன் சொந்தத் தொட்டிகளிலேயே 111 டன் பிடிக்கும். அதைவிட முக்கியம், டேங்கராக மாறியபின் அதில் கூடையும் இருக்கும், வன்குழாயும் இருக்கும். சி-17க்கும் சிஎஃப்-18க்கும் ஒரே விமானத்திலிருந்து கொடுக்கலாம்.

2023 ஜனவரியில் கனடா 88 எஃப்-35ஏ போர்விமானங்களை வாங்குவதாக அறிவித்தது. எஃப்-35ஏ வன்குழாயில் மட்டுமே எரிபொருள் பெறும்; போலாரிஸின் கூடை அதற்கு உதவாது. வன்குழாய் பொருத்திய ஹஸ்கிகள் உரிய காலத்தில் ட்ரென்ரனுக்கு வந்து சேராவிட்டால், கனடா தன் புதிய போர்விமானங்களுக்கு 1999இல் போல மீண்டும் பிறர் டேங்கரைத்தான் நாட வேண்டியிருக்கும்.