தருபவர் கணக்கில் வரவு

இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஜூன் மாதம் கல்லூரி திறந்த வாரத்தில், எம்.காம். மாணவி ஒருத்தி தமிழ்த்துறை வாசலில் வந்து நின்றாள். பி.காம். படிக்கும்போது என்னிடம் தமிழ்ப் பாடம் படித்தவள். "அம்மா, சர்டிபிகேட் தரமாட்டேங்காவ" என்றாள். சொல்லிவிட்டுக் கையிலிருந்த கோப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

அவளுடைய பாடத்திட்டத்தில் முதலாண்டு முடிந்த கோடை விடுமுறையில் இன்டர்ன்ஷிப் உண்டு. ஏதாவது ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்து, சான்றிதழ் வாங்கி, அறிக்கை எழுதி, வாய்மொழித் தேர்வில் பதில் சொன்னால் இரண்டு கிரெடிட். இவளுக்கு நகரத்தில் ஒரு தணிக்கையாளர் அலுவலகம் கிடைத்தது. முதல் வாரம் பில்களைத் தேதிவாரியாக அடுக்கினாள். இரண்டாம் வாரம் ஜி.எஸ்.டி. விவரங்களைக் கணினியில் ஏற்றினாள். அதற்குள் அங்கிருந்த ஒரு பெண் வேலையை விட்டுப்போக, அந்த மேசை முழுவதும் இவள் தலையில் விழுந்தது. சாயங்காலம் ஐந்து மணி ஏழானது. பிறகு, சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியவரிடமிருந்து ராத்திரியில் போன் வர ஆரம்பித்தது. 18 நாளோடு அவள் நின்றுவிட்டாள். சான்றிதழ் இல்லாமல் அறிக்கை இல்லை. அறிக்கை இல்லாமல் கிரெடிட் இல்லை. (அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.)

கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவில் நானும் இருந்தேன். பெயர் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சக உறுப்பினர்களிடம் பேசினேன். ஒருவர் கேட்டார்: "நடந்தது நம்ம வளாகத்துல இல்லையே?" இன்னொருவர் கேட்டார்: "அங்க அந்தப் பிள்ளை சம்பளம் வாங்கலையே, எப்படி ஊழியர் ஆகும்?" இருவரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் இரண்டு கேள்விகளையும் சேர்த்துப் பார்த்தால், கல்லூரிக்கும் அவள் வெளியே, அலுவலகத்துக்கும் வெளியே. அந்த 18 நாள் அவள் இருந்த இடத்துக்குப் பெயரே இல்லை. பெண்ணின் வேலைக்கு இப்படிப் பெயரில்லாமல் போவது நம் சீமையில் எப்போது தொடங்கியது என்று தேடிப் போனேன்.

முனைவர் பட்டத்துக்காகக் கால்டுவெல்லை வரிவரியாகப் படித்தவள் நான். 1856இல் வெளியான திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் பற்றி மணிக்கணக்காகப் பேசுவேன். இடையன்குடியில் அவர் மனைவி எலைசா நடத்திய பெண்கள் பள்ளியைப் பற்றி எனக்கு அன்று ஒன்றும் தெரியாது. எலைசா நாகர்கோவிலில் பிறந்தவர். அவருடைய தாய் மார்த்தா மால்ட் 1820களிலேயே நாகர்கோவில் மிஷன் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். 1844இல் திருமணமாகி இடையன்குடிக்கு வந்த மகள் அந்தத் தொழிலைத் தேரிக்காட்டுக்குக் கொண்டுவந்தார்.

காலையில் எழுத்து, வேதபாடம், பிறகு லேஸ். பின்னிய லேஸ் வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கு விற்றது. அந்த வருமானம் பள்ளியை நடத்த உதவியது. இதில் இரண்டு பக்கங்கள் உண்டு. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். அதற்கு முன்பே, அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் லேஸ் பின்னிச் சேர்த்த பணத்தில் தங்களை மீட்டுக்கொண்டதாக மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. பெண் தன் கையால் சம்பாதித்துத் தன்னையே விலைகொடுத்து மீட்ட வரலாறு அது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பள்ளிச் சிறுமி பின்னியபோது அது வேலை என்று எண்ணப்படவில்லை; 'பயிற்சி', 'நல்லொழுக்கம்' என்று எண்ணப்பட்டது. பாடம் என்று பெயர் வைத்துவிட்டால் கூலிக் கேள்வி எழாது. இந்தச் சூத்திரம் நம் மண்ணில் ஏறக்குறைய இருநூறு வருஷமாகப் புழங்குகிறது.

அடுத்த கட்டம் பாளையங்கோட்டை. சாரா டக்கர் இந்தியாவுக்கு வராமலே இறந்துபோன ஆங்கிலேயப் பெண்மணி. அவர் நினைவாகத் தோழியர் திரட்டிய நிதியில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சி நிறுவனம் உருவானது. 1895இல் அதுவே கல்லூரியாக வளர்ந்தது. ஆசிரியப் பயிற்சி என்றால் வகுப்பில் உட்கார்ந்து படிப்பது மட்டுமல்ல. உண்மையான பிள்ளைகள் முன்னால் நின்று பாடம் நடத்திப் பழக வேண்டும். நெல்லைச் சீமைப் பெண்ணுக்கு வேலையே படிப்பின் பகுதியாக முதலில் வந்தது இப்படித்தான். ஆனால் இங்கே ஒரு வித்தியாசம் இருந்தது. பயிற்சியின் முடிவில் ஒரு உத்தியோகம் காத்திருந்தது. படித்த பெண் டீச்சராகி ஊர்ஊராகப் போனாள், சம்பளம் வாங்கினாள். பயிற்சி எங்கே கொண்டுபோய் விடும் என்பது சேரும்போதே தெரிந்திருந்தது.

வணிகப் படிப்புக்கு வருவோம். கல்லூரியும் தொழிற்சாலையும் சேர்ந்து மாணவரைப் பயிற்றுவிக்கும் முறையை 1906இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் தொடங்கினார். 27 பொறியியல் மாணவர்கள் மாறிமாறி வகுப்பிலும் பட்டறையிலும் இருந்தார்கள். பட்டறையில் இருந்த நாட்களுக்கு அவர்களுக்குக் கூலி உண்டு. இன்று பலர் மறந்துவிட்ட செய்தி இது. படிப்போடு சேர்ந்த வேலை என்ற யோசனை பிறக்கும்போது ஊதியத்தோடுதான் பிறந்தது.

இந்தியாவில் எம்.பி.ஏ. மாணவர்கள் முதலாண்டுக்கும் இரண்டாமாண்டுக்கும் நடுவில் ஆறு முதல் எட்டு வாரம் நிறுவனங்களுக்குப் போவது நெடுநாள் வழக்கம். பெரிய மேலாண்மைக் கழகங்களில் அது உதவித்தொகையோடு வரும். வேலைக்கான வாசலாகவும் இருக்கும். 2020இன் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு அந்த வழக்கம் எல்லாப் படிப்புக்கும் இறங்கியது. தமிழ்நாட்டின் மாதிரிப் பாடத்திட்டமும் எம்.காம்., எம்.ஏ. பொருளியல் போன்ற முதுகலைப் படிப்புகளில் அதற்கு இடம் வைத்தது. கடமை இறங்கி வந்தது. உதவித்தொகை கூடவே வரவில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 2024இல் இளநிலை மாணவர்களுக்கு வெளியிட்ட வழிகாட்டியில் 30 மணி நேர இன்டர்ன்ஷிப்புக்கு ஒரு கிரெடிட். வகுப்பில் பாடம் கேட்டால் 15 மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட். கையால் செய்யும் ஒரு மணி, காதால் கேட்கும் அரை மணிக்குச் சமம். இந்தக் கணக்கைப் பார்க்கும்போது எனக்குப் பீடித்தட்டுதான் நினைவுக்கு வருகிறது.

அந்த மாணவியின் அம்மா பீடி சுற்றுகிறவர். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் என்று தாமிரபரணியைச் சுற்றியுள்ள ஊர்களில் பெண்களின் கல்லூரிக் கட்டணம் பீடித்தட்டிலிருந்து வந்ததுதான். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கழிவு என்று ஒதுக்கிய பீடிக்குக் கூலி இல்லை. மகள் நூல் கட்டுவாள், வாய் மடக்குவாள். அதற்குப் பெயர் 'அம்மாவுக்கு ஒத்தாசை'. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்வதால் அம்மா செய்வதும் வேலையில்லை, 'சும்மா இருக்கிற நேரத்தில்' செய்வது என்று நெடுங்காலம் பேசினார்கள். 1966இன் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் அதை மாற்றியது. முதலாளியோ ஒப்பந்தக்காரரோ கொடுத்த இலையையும் தூளையும் வீட்டில் வைத்துச் சுற்றுகிறவரும் தொழிலாளியே என்று அது எழுதி வைத்தது. சட்டம் வந்ததால் எல்லாம் கிடைத்துவிடவில்லை. ஆனால் 'தொழிலாளி' என்ற பெயர் வந்த பிறகுதான் வைப்பு நிதி, பேறுகால விடுப்பு என்று கேட்க வாய் வந்தது.

மகளுக்கு அந்தப் பெயர் உண்டா? 1997இல் உலகின் இரண்டு மூலைகளில் இரண்டு தீர்ப்புகள் வந்தன. நியூயார்க்கில் சமூகப்பணி படித்த மாணவி ஒருத்தி, பட்டப்படிப்புக்குக் கட்டாயமான களப்பயிற்சிக்காக ஒரு மனநல மருத்துவமனைக்குப் போனாள். அங்கிருந்த மருத்துவர் அவளைப் பாலியல் ரீதியாக இழிவாகப் பேசினார். அவள் வழக்குப் போட்டாள். ஓ'கானர் எதிர் டேவிஸ் என்ற அந்த வழக்கில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இதுதான்: மருத்துவமனை அவளுக்கு ஊதியம் தரவில்லை, ஆகவே அவள் ஊழியர் அல்ல, ஆகவே பணியிடப் பாகுபாட்டுச் சட்டம் அவளுக்குப் பொருந்தாது. என் சக ஆசிரியர் கேட்ட அதே கேள்வி, தீர்ப்பாகவே வந்திருந்தது. நியூயார்க் மாநிலம் சட்டத்தைத் திருத்தி, ஊதியமில்லாப் பயிற்சியாளரையும் சேர்த்துக்கொள்ள 2014 ஆனது.

அதே 1997 ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம் விசாகா தீர்ப்பை வழங்கியது. அதன் பின்னணியில் இருந்தவர் பன்வாரி தேவி. ராஜஸ்தானின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் 'சாத்தின்' ஆக இருந்தவர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992இல் கூட்டு வல்லுறவுக்கு உள்ளாக்கப்பட்டவர். சாத்தின்கள் பெற்றது சம்பளம் அல்ல, மதிப்பூதியம். ஊழியர் என்ற முழுப் பெயர் கிடைக்காத ஒருத்தியின் உடம்பிலிருந்துதான் நம் பணியிடப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதனால்தானோ என்னவோ, 2013இல் வந்த சட்டம் 'ஊழியர்' என்பதை அகலமாக வரையறுக்கிறது. ஊதியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தன்னார்வமாக இருந்தாலும், பயிற்சியாளராக இருந்தாலும், வேறு எந்தப் பெயரில் அழைத்தாலும் அவர் ஊழியரே. பத்துப் பேருக்குக் குறைவான அலுவலகம் என்றால் உள்ளகக் குழு இருக்காது. அப்போது மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம். கல்லூரியும் கைகழுவ முடியாது. 2015இன் மானியக் குழு விதிமுறைகள், இன்டர்ன்ஷிப்புக்குப் போகும் இடத்தையும் 'வளாகம்' என்ற சொல்லுக்குள் வைத்திருக்கின்றன.

இந்த இரண்டு வரையறைகளையும் அச்செடுத்துக் குழுவின் மேசையில் வைத்தேன். யாரும் மறுக்கவில்லை. ஆனால் மாணவி எழுத்துப் புகார் தர மறுத்துவிட்டாள். "வீட்ல தெரிஞ்சா அம்மா தாங்காவ. அப்பா படிப்பையே நிறுத்திருவாவ" என்றாள். அவளை வற்புறுத்த எங்களுக்கு உரிமை இல்லை. அந்த அலுவலகத்தைத் துறையின் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அவள் ஊர்ப் பக்கத்துக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் சனிக்கிழமைகளிலும் விடுமுறைகளிலும் போய் மறுபடி பயிற்சியை முடித்தாள். நியாயம் கிடைத்தது என்று இதைச் சொல்ல மாட்டேன். படிப்பு நிற்கவில்லை, அவ்வளவுதான்.

அவளுடைய கோப்பில் இன்னொரு தாளும் இருந்தது. அம்மாவின் பீடிக் கணக்கு நோட்டைப் பார்த்து வளர்ந்தவள். தினமும் போன நேரம், வந்த நேரம், பஸ் செலவு எழுதி வைத்திருந்தாள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை. ஆனால் அவள் ஊருக்குச் சாயங்காலம் கிடைப்பது மப்சல் பஸ்தான். 18 நாள், 151 மணி நேரம், 1,080 ரூபாய். முப்பது மணிக்கு ஒரு கிரெடிட் என்றால் ஐந்து கிரெடிட் உழைப்பு. அவளுக்கு அதிலிருந்து வந்தது பூஜ்யம்.

அரசும் இந்த இடைவெளியை நிரப்பவில்லை. 2024இல் அறிவித்த பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் அப்போது மாதம் 5,000 ரூபாய் இருந்தது. ஆனால் அன்றைய விதிகளில் முழுநேரம் படிப்பவர்களுக்கு இடம் இருக்கவில்லை, எம்.பி.ஏ. உள்ளிட்ட முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கும் இடம் இருக்கவில்லை. கிரெடிட்டுக்காக உழைத்த முதுகலை மாணவி படிக்கும்போதும் சேர முடியவில்லை, படித்து முடித்தும் சேர முடியவில்லை.

இன்டர்ன்ஷிப் வேண்டாம் என்று சொல்லவில்லை. வீடு, கல்லூரி, பஸ் தவிர வேறு உலகம் பார்க்காத பிள்ளைக்கு ஒரு அலுவலகத்தின் கணக்குப் புத்தகத்தைத் தொடுவது பெரிய விஷயம். வெளியே போகக் கூடாது என்று சொல்லும் வீட்டில், "மார்க் உண்டு" என்ற ஒரு சொல்லே கதவைத் திறக்கிறது. அந்தக் கதவை மூடச் சொல்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். கதவுக்கு வெளியே அவள் என்ன பெயரில் நிற்கிறாள் என்பதுதான் என் கவலை.

இப்போது ஒவ்வொரு ஏப்ரலிலும் வணிகவியல் துறையில் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிப் பேசுகிறேன். போகும் முன்பு வேலை நேரத்தையும் செய்ய வேண்டிய வேலையையும் எழுதி வாங்குங்கள். பஸ் செலவையாவது கேளுங்கள். புகார்க் குழு உறுப்பினரின் எண்ணைப் போனில் வைத்திருங்கள். சான்றிதழ் கையெழுத்து ஒருவர் கையில் மட்டும் இல்லாதபடி துறையிடம் சொல்லுங்கள். தினமும் கணக்கு எழுதுங்கள்.

பிறகு, பள்ளியில் கணக்குப்பதிவியல் படித்தவர்கள் கைதூக்குங்கள் என்பேன். எல்லாக் கையும் எழும். ஆள்சார் கணக்கின் விதி என்ன என்று கேட்டால் ஒரே குரலில் வரும்: பெறுபவர் கணக்கில் பற்று, தருபவர் கணக்கில் வரவு. "இந்தக் கோடையில தரப்போறது யாரு?" என்று கேட்பேன். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம் பின்வரிசையில் ஒருத்தி கை தூக்குவாள்.