'போஷ்' என்னும் சொல்லின் பூர்வ சரித்திரம்

அகன்ற வீதிகளும் நிழல் மரங்களும் உயர்ந்த மதில்களும் அமைந்த ஒரு பகுதியைப் பற்றிப் பேச்சு எழும்போது, ஆங்கிலம் அதிகம் பயிலாதவர்கள்கூட, 'அது போஷான இடம்' என்று சொல்லக் கேட்கிறோம். சொகுசு என்றால் உடம்பின் சுகம் மட்டுமே தொனிக்கிறது. ஆடம்பரம் என்றால் கண்டனம் கலந்துவிடுகிறது. டாம்பீகம் என்றாலோ பொய்மையே முன்னே வந்து நிற்கிறது. செல்வமும் நாகரிகமும் மிடுக்கும் ஒன்றாகச் சேர்ந்த நிலையை ஒரே அசையில் உணர்த்துவதால்தான் இந்த அந்நியச் சொல் நம்மிடையே நிலைத்துவிட்டது போலும். இதன் பிறப்பைப் பற்றிக் கர்ணபரம்பரையாக ஒரு கதை வழங்குகிறது. அதில் நம் தேசத்துக்கும் ஒரு பாத்திரம் உண்டு.

ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளுக்குத் தபால் கொண்டுபோவதற்காக 1837இல் தொடங்கி, 1840இல் அரச சாசனம் பெற்றுக் கீழ்த்திசைக்கும் தன் கப்பல்களைச் செலுத்த முற்பட்ட பி. அண்டு ஓ. கம்பெனிதான் அக்கதையின் களம். 1842இல் அதன் 'ஹிந்துஸ்தான்' கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் செங்கடல் வழியே பம்பாய்க்கு வருவது வழக்கமாயிற்று. அந்தச் செங்கடலின் வெப்பமோ சொல்லி முடியாதது. சூயஸிலிருந்து ஏடனை நோக்கித் தென்கிழக்காகச் செல்லும் கப்பலில் இடப்புறத்து அறைகள் காலை வெயிலோடு தப்பித்துக்கொள்ள, வலப்புறத்து அறைகளோ மாலை வெயிலை முழுவதும் வாங்கிக்கொண்டு, பிரயாணி படுக்கப்போகும் வேளையில் உலைக்களமாய்க் கொதித்துக்கொண்டிருக்கும். தாயகம் திரும்பும்போது நிலைமை தலைகீழாகும். ஆதலால் போகும்போது இடப்புறத்திலும் வரும்போது வலப்புறத்திலும் அறை கேட்டு, அதற்கு அதிகக் கட்டணமும் செலுத்திய சீமான்களின் டிக்கட்டில், 'போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்' என்ற தொடரின் முதலெழுத்துகள் நான்கும் முத்திரையாகப் பதிக்கப்பட்டன என்றும், அவற்றைச் சேர்த்துப் படித்ததே 'போஷ்' என்றும் கதை முடிகிறது.

கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! ஆயினும் அத்தகைய முத்திரை பதித்த டிக்கட் ஒன்றுகூட இன்றுவரை கிடைத்ததில்லை. கம்பெனியின் ஆவணங்களிலும் அவ்வழக்கத்துக்குச் சான்று அகப்படவில்லை. சூரியனும் இக்கதைக்கு முழுச் சாட்சியம் அளிப்பதில்லை. மே மாத நடுவிலிருந்து ஜூலைக் கடைசி வரையில், ஏடனுக்கும் பம்பாய்க்கும் இடையே உச்சிப் பொழுதில் சூரியன் கப்பலுக்கு வடக்கே நிற்பதால், நிழலுக்காகப் பொருள் கொடுத்து வாங்கிய இடப்புறமே அப்போது வெயிலுக்கு முகம் கொடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, இவ்விளக்கம் அச்சில் காணப்படுவது 1935 அளவில்தான். சொல்லோ அதற்கு வெகுகாலம் முன்பே புழங்கியிருக்கிறது.

1892இல் நூலாக வந்த 'ஒரு சாமானியனின் நாட்குறிப்பு' என்னும் ஆங்கில நகைச்சுவைப் படைப்பில், தொப்பி வியாபாரத்தில் செழித்த ஒரு செல்வருக்கு மர்ரே போஷ் என்றே பெயர். 1903இல் வோட்ஹவுஸ் எழுதிய பள்ளிக் கதைகளில், கேம்பிரிட்ஜ் மாணவனுடைய பகட்டான உள்சட்டையைக் குறிக்க 'புஷ்' என்று இதன் சாயலுள்ள ஒரு சொல் வருகிறது. 1914இல் குதிரைப்படை வீரர்கள் சர்க்கார் கொடுத்த சீருடைக்கு மேலாகத் தாமே விரும்பி அணிந்த உயர்ந்த உடைகளுக்கு இந்தப் பெயர் வழங்கியது. 1918இல் 'பஞ்ச்' பத்திரிகையின் கேலிச்சித்திரம் ஒன்றில் இளம் விமானப்படை அதிகாரியின் வாயில் இச்சொல் வந்தபோது, அது பொதுஜனங்களின் வழக்குக்கு ஏறிவிட்டது எனலாம். கப்பலின் வாசனையே இவற்றில் இல்லை. உடையின் மிடுக்குத்தான் காண்கிறது.

அதற்கும் முன்னே சென்றால் நாம் எதிர்பாராத ஓர் இடத்துக்கு வந்து சேர்கிறோம். 19ஆம் நூற்றாண்டின் லண்டன் வீதிகளில், திருடர்களும் கூலிக்காரர்களும் பேசிய கொச்சையில், 'போஷ்' என்றால் காசு, அதிலும் மிகச் சிறிய காசு. ஜிப்ஸிகள் என்று பிறர் அழைத்த ரோமா மக்களின் பாஷையில் 'போஷ்' என்றால் பாதி. அரைப் பென்னிக் காசுக்கும் அரைக் கிரௌன் நாணயத்துக்கும் அவர்கள் இதை முன்னொட்டாக வைத்தே பெயரிட்டார்கள் என்பதை ஜார்ஜ் பாரோ 1874இல் வெளியிட்ட அகராதி காட்டுகிறது. பாதிக் காசு பணமாகி, பணம் பணக்கார மிடுக்காகி, மிடுக்கே பொருளாக நின்றிருக்கலாம் என்பது அறிஞர் பலர் கருதும் வழி. இது முடிந்த முடிபன்று; ஆயினும் முத்திரை டிக்கட்டைவிட இதற்குச் சான்று அதிகம்.

இனிச் சொல்லப்போவதே என் மனத்தை மிகவும் உருக்குவது. ரோமா மக்கள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவை விட்டு, பாரசீகத்தையும் கிரேக்க நாட்டையும் கடந்து, 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனை அடைந்தவர்கள். அவர்களை நாட்டைவிட்டு ஓட்டுவதற்கென்றே 1530இல் இங்கிலாந்தில் சட்டம் பிறந்தது. அவர்கள் பாதியைக் குறிக்க வழங்கிய அந்தச் சொல், விலாப்புறத்தைக் குறிக்கும் 'பார்சுவம்' என்ற வடமொழிச் சொல்லின் வழிவந்தது என்பர் மொழிநூலார். இடது பாரிசம், வலது பாரிசம் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அந்தப் பாரிசமும் அதுவே.

கப்பலின் இடப்பக்கமும் வலப்பக்கமும் சேர்ந்து ஈன்றதாகச் சொல்லப்பட்ட வார்த்தைக்கு, 'பக்கம்' என்பதே ஆதிப் பொருளாக இருக்கக்கூடும் என்பது எவ்வளவு வியப்பு! இந்தியாவுக்கும் இச்சொல்லுக்கும் உறவு உண்டு என்று ஊர் நம்பியதும் அப்படியானால் வீண்போகவில்லை. ஆனால் அந்த உறவை முதல் வகுப்பு அறையில் துரைமார் கொண்டுபோகவில்லை. கூரையும் நிழலும் இன்றித் தேசம் தேசமாய் நடந்தவர்கள், முந்தானையில் முடிந்த அரைக்காசைப் போல, அதைத் தம் நாவில் காப்பாற்றிக் கொண்டுபோனார்கள்.