செஞ்சிக் கோட்டை, ராஜகிரி

விழுப்புரம் மாவட்டம் செஞ்சியில், ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் ஆகிய மூன்று குன்றுகளை மதிலால் இணைத்துக் கட்டப்பட்ட கோட்டை. நாயக்கர்களின் தலைநகராக இருந்த செஞ்சியை 1677-இல் சிவாஜி கைப்பற்றினார். அவர் மகன் ராஜாராம் 1690 முதல் இங்கிருந்தே மராத்திய அரசை நடத்தினார். நீண்ட முற்றுகைக்குப் பின் 1698-இல் முகலாயர் வசமானது.

அந்த முற்றுகை ஏன் அத்தனை ஆண்டு நீடித்தது என்பது ராஜகிரியில் ஏறினால்தான் விளங்கும். குன்று சுமார் 800 அடி உயரம். உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை பிளந்து ஆழமான பள்ளம் குறுக்கிடுகிறது. சிறு பாலத்தைக் கடந்தால்தான் மேற்கோட்டை. பாலத்தை எடுத்துவிட்டால் எந்தப் படையும் அங்கேயே நிற்க வேண்டியதுதான். மேலே அரங்கநாதர் கோயிலும் மணிக்கூண்டும் உள்ளன. கீழே கல்யாண மகாலும் களஞ்சியங்களும் மதில் வளைவும் ஒரே பார்வையில் தெரியும். தமிழ்நாட்டுக் கோட்டைகளில் இதற்கு நிகரான காட்சி அரிது.

இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இக்கோட்டை, 2025-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. படிகளில் குரங்குகள் அதிகம். வெயில் ஏறுமுன் புறப்பட்டு, குடிநீரைக் கீழிருந்தே எடுத்துச் செல்ல வேண்டும்.