வாசிங்டன் மாநில முதனிலைத் தேர்தல் முறை

ஐக்கிய அமெரிக்காவில், பொதுத் தேர்தலில் நிற்கும் கட்சி வேட்பாளர்களைத் தெரிவு செய்ய முன்னதாக நடத்தப்படும் வாக்கெடுப்பு முதனிலைத் தேர்தல் எனப்படும். கட்சியில் பதிவு செய்தவர்கள் மட்டும் வாக்களிப்பது மூடிய முறை. எந்த வாக்காளரும் தாம் விரும்பும் ஒரு கட்சியின் தேர்தலில் பங்கேற்பது திறந்த முறை. இதில் மக்களின் விருப்பமும் கட்சிகளின் உரிமையும் நேரடியாக மோதிய மாநிலம், நாட்டின் வடமேற்கிலுள்ள வாசிங்டன்.

பொதுச் சீட்டு முறை

கிரேஞ்ச் என்னும் உழவர் அமைப்பு மக்களிடம் கையொப்பம் திரட்டி அளித்த முன்மொழிவை மாநிலச் சட்டமன்றம் 1935இல் சட்டமாக்கியது. அதன்படி எல்லாக் கட்சிகளின் வேட்பாளர்களும் ஒரே வாக்குச்சீட்டில் இடம்பெற்றனர். ஒரு பதவிக்குச் சனநாயகக் கட்சியினரையும் மற்றொன்றுக்குக் குடியரசுக் கட்சியினரையும் ஒரே வாக்காளர் தெரிவு செய்யலாம். தம் கட்சிச் சார்பை எவரிடமும் சொல்ல வேண்டியதில்லை. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் நீடித்த இம்முறையை மக்கள் தம் உரிமையாகவே கருதினர்.

நீதிமன்றத் தடை

கலிபோர்னியா மக்களும் 1996இல் இதே முறையை வாக்கெடுப்பில் ஏற்றனர். தம் வேட்பாளரைப் பிற கட்சியினர் முடிவு செய்வது முறையன்று எனக் கட்சிகள் வழக்குத் தொடுத்தன. ஒன்றுகூடி இயங்கும் உரிமையை இம்முறை மீறுகிறது என்று 2000இல் உச்ச நீதிமன்றம் 7–2 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அதன் அடிப்படையில் 2003இல் வாசிங்டனின் முறையும் செல்லாததாயிற்று.

மக்களின் முடிவு

2004 செப்டம்பர் முதனிலைத் தேர்தலில் ஒரே கட்சியின் வேட்பாளர்களுக்குள் மட்டுமே வாக்களிக்க முடிந்தது. இது பலருக்கு அதிருப்தி அளித்தது. அவ்வாண்டு நவம்பரில், கிரேஞ்ச் மீண்டும் முன்வைத்த 872ஆம் முன்மொழிவை ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் ஆதரித்தனர். இதன்படி அனைவரும் ஒரே முதனிலைத் தேர்தலில் போட்டியிடுவர். முதலிரு இடங்களைப் பெறுவோர், எக்கட்சியினராயினும், பொதுத் தேர்தலுக்குச் செல்வர். கட்சிகள் மீண்டும் வழக்காடின. இம்முறை கட்சியின் வேட்பாளரைத் தெரிவு செய்வதில்லை, போட்டியாளர் தாம் விரும்பும் கட்சியைக் குறிப்பிடுவதோடு சரி என்று கூறி, 2008 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 7–2 என அதை ஏற்றது. அவ்வாண்டு ஆகத்தில் இது முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது.

விளைவுகள்

வாக்காளரின் கட்சிச் சார்பு மறைவாகவே இருந்தபோதும், இம்முறைக்கு விலையும் உண்டு. 2016இல் மாநிலக் கருவூலர் பதவிக்கு நின்ற மூன்று சனநாயகக் கட்சியினரிடையே வாக்குகள் சிதறின. அதனால் பொதுத் தேர்தலில் இரு குடியரசுக் கட்சியினர் மட்டுமே எஞ்சினர். சிறு கட்சிகளும் இறுதி வாக்குச்சீட்டில் இடம்பெறுவது அரிதாயிற்று. முதற்கட்டத்தில் கிடைத்த பரந்த உரிமை, இறுதிக் கட்டத்தில் தெரிவைக் குறுக்கவும் கூடும் என்பதை இது காட்டுகிறது.